வயிற்றில் வைத்த வழி

ஆறு மாதமாக மூலம், மூலம் என்றே ஏமாந்தோம். ரத்தம் போனாலும் மூலம், உட்கார முடியாவிட்டாலும் மூலம். ஊர் வைத்தியர் கார மருந்தைப் பூசிப் பூசிப் புண்ணைப் பெரிதாக்கியதுதான் மிச்சம். வெள்ளைக்காரன் போய் ஏழெட்டு வருஷம் இருக்கும். என் வீட்டுக்காரரைச் சாமல்பட்டியில் ரயிலேற்றி, ஜோலார்பேட்டையில் மாறி, பெங்களூர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

சதையைக் கிள்ளிச் சோதித்த டாக்டர், ஆசனவாயில் புற்றுநோய் என்றார். அந்த இடத்தையே அறுத்தெடுத்துத் தைத்துவிட வேண்டுமாம். மலம் போக வயிற்றில் இடப்பக்கம் ஒரு வழி வைப்பார்களாம். ஆயுசுக்கும் அப்படித்தான். செய்யாவிட்டால் ஆள் தேறமாட்டார்.

"அப்படி ஒரு பொழப்பு எனக்கு வேணாம். நாலு பேரு பக்கத்துல உக்கார முடியுமா?" என்றார் இவர்.

"நாலு பேரு கெடக்கறாங்க. நான் உக்காருவேன்" என்று சண்டை போட்டேன். இரண்டு நாள் கழித்துத்தான் தலையாட்டினார்.

குடல் காலியாக வேண்டும் என்று கஞ்சித் தண்ணீர் மட்டும் கொடுத்தார்கள். களி இல்லாமல் ஒரு வேளை இருந்தறியாத மனுஷர்! கண் உள்ளே போய்விட்டது. கத்திக்குப் போகிற உடம்பு வெறும் வயிற்றோடு போகலாமா? அறுப்பதற்கு முந்தின நாள் மத்தியானம், நான் தங்கியிருந்த சத்திரத்தில் களி கிண்டி, முந்தானைக்குள் மறைத்துக் கொண்டுபோய் இரண்டு உருண்டை ஊட்டினேன். அதில் எனக்குப் பெருமை வேறு.

மறுநாள் எனிமா கொடுத்த நர்சம்மா கண்டுபிடித்துவிட்டாள். கன்னடத்தில் பொரிந்து தள்ளினாள். "குடல்ல சாப்பாடு இருந்தா வெட்டற எடத்துல சீழ் புடிச்சிடும்மா" என்ற டாக்டர், ஐந்து நாள் தள்ளிப்போட்டார்.

இவருக்கு அது போதாதா? "சாமியே வேணாங்குது. வா, ஊருக்குப் போலாம்" என்று சட்டையைத் தேடினார். நான் அதன் மேல் உட்கார்ந்துகொண்டேன்.

"சாமி ஒண்ணுஞ் சொல்லல. நாந்தான் புத்திகெட்டுக் களியப் போட்டேன். என் தப்புக்கு நீங்க சாவீங்களா?"

வார்டே திரும்பிப் பார்த்தது. அவர் திரும்பவும் கட்டிலில் படுத்துவிட்டார். அந்த ஐந்து நாளும் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. ஓடிப்போய்விடுவாரோ என்று கக்கூஸ் வாசலில்கூடக் காவல் நின்றேன்.

அறுத்தார்கள். பிழைத்தார். வயிற்று வழியை முதல் தடவை நான் துடைத்தேன். மூச்சை அடக்கிக்கொண்டேன். அவர் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"குமட்டுதா?"

பொய் சொல்ல வாய் வரவில்லை. "ஆமாங்க."

சுவரைப் பார்த்தபடியே, "எனக்குந்தான்" என்றார்.

இரண்டு பேருக்கும் சிரிப்பு வந்துவிட்டது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு, "சிரிக்க வைக்காத புள்ள, தையலு பிரிஞ்சிடும்" என்றார்.