புரியாமல் சொன்ன "யெஸ் சேர்"

கஹவத்தைக்குப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் நான் மெஷின் டெக்னீஷியன். பார்வையிட வந்த இங்கிலாந்து இன்ஜினியர், ரப்பர் ஷீட் போடும் ரோலரின் ஸ்டாப் சுவிட்சைக் காட்டி "நாக்கர்ட்" என்றார். அந்தச் சொல் எனக்குத் தெரியாது. துரைமாரிடம் திருப்பிக் கேட்பது தோட்டத்தில் வழக்கமில்லை. "யெஸ் சேர்" என்றேன்.

மறுநாள் ரப்பர் ஷீட் போட்டுக்கொண்டிருந்த காமாட்சியக்காவின் கைத்துணி ரோலரில் சிக்கியது. சுவிட்சை அழுத்தினேன், நிற்கவில்லை. ஓடிப்போய் மெயினை அணைத்தபோது அவர் விரல்கள் ரோலரைத் தொட்டுக்கொண்டிருந்தன; நசுங்கவில்லை.

"சுவிட்ச் வேலை செய்யலேன்னு யாருக்குமே தெரியாதா புள்ள?" என்று கேட்டார்.

பிறகுதான் தெரிந்துகொண்டேன்: பழுதானதை இங்கிலாந்தில் நாக்கர்ட் என்பார்களாம், ஆஸ்திரேலியாவில் கேக்டஸ். இப்படி நாற்பது சொற்களைப் பட்டியலிட்டு வைத்திருக்கிறேன். புரியாவிட்டால் மூன்று முறையானாலும் கேட்கிறேன்.

அக்கா இன்றும் அதே ரோலரில்தான் நிற்கிறார். இன்ஜினியர் முதல் நாளே என்னிடம் சொல்லியிருந்ததை நான் இன்னும் அவரிடம் சொல்லவில்லை.