நன்றியுரை இல்லாத கூட்டம்

"பந்தல்காரருக்கு நன்றி, டீக்கடைக்காரருக்கு நன்றி. எனக்கு மட்டும் ஏங்க இல்ல?"

சின்னத்தாயி இப்படிக் கேட்டபோது நானும் பக்கத்தில்தான் இருந்தேன். அவர் கணவர் நாராயணசாமிதான் சமாளித்தார்.

"வீட்டு ஆளுக்கு மேடையில நன்றி சொன்னா சிரிப்பாங்கடி."

"சிரிக்கட்டுமே. நானும் சேர்ந்து சிரிக்கிறேன்."

"சரி தாயே, வர்ற ஆண்டு விழாவுல சொல்லிடறேன்."

நாராயணசாமி பீன்யா தொழிற்பேட்டையில் லேத் ஓட்டுபவர். எங்கள் பகுதித் தமிழ் மன்றத்தில் வரவேற்புரைக்கும் தலைமையுரைக்கும் ஆட்கள் அடித்துக்கொள்வார்கள். பாதிக் கூட்டம் கலைந்தபின் வரும் நன்றியுரை மட்டும் அவர் பங்கு. அதை ஆசையாகச் செய்வார். மைக் செட் நாகேஷ் வரை ஒருவரையும் விடமாட்டார். அவருக்காகக் கடைசி வரிசையில் காத்திருக்கும் மனைவியைத்தான் விட்டுவிடுவார்.

ஆண்டு விழா வருவதற்குள் சின்னத்தாயி மாரடைப்பில் போய்விட்டார்.

படத்திறப்பை மன்றமே நடத்தியது. அன்று காலை முகச்சவரம் செய்தபடியே நாராயணசாமி சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்துக்கொண்டார். மன்றத் தலைவர் கணேசமூர்த்தி படத்தைத் திறந்தார். இரண்டு பேர் இரங்கலுரை ஆற்றினார்கள். எல்லோரும் எழுந்து மௌன அஞ்சலி செலுத்தினார்கள். நாராயணசாமி மைக்கை நோக்கி நடந்தார்.

கணேசமூர்த்தி அவர் கையைப் பிடித்தார். "அண்ணே, துக்கக் கூட்டத்துல நன்றியுரை ஏது? நம்ம மன்றத்து ஆம்ப்ரோஸ் சார் இறந்தப்போ நான் நன்றி சொல்லப் போனேன். நீங்கதானே தடுத்தீங்க?"

உண்மைதான். துக்கத்துக்கு வந்தவர்களுக்கு நன்றி சொல்வதில்லை. போகிறவர்களும் 'வருகிறேன்' என்று சொல்வதில்லை. மன்றத்தில் அந்த முறையை விடாமல் காத்தவரே அவர்தான்.

"வந்தவங்களுக்கு இல்லப்பா..." என்று ஆரம்பித்தார். அதற்குள் கூட்டம் சொல்லிக்கொள்ளாமல் எழுந்து போயிருந்தது.

வயரைச் சுருட்டிக்கொண்டிருந்த நாகேஷ் நிமிர்ந்து, கன்னடம் கலந்து சொன்னான். "ஸ்வல்ப இருங்க சார், மறுபடி மாட்டித் தர்றேன்."

"வேணாம்பா."

அவர் மெல்லப் போய்க் கடைசி வரிசையில், சின்னத்தாயி வழக்கமாக உட்காரும் நாற்காலியில் உட்கார்ந்தார். மேடையைப் பார்த்தார். தலையைச் சாய்த்தும் பார்த்தார்.

"நாகேஷு, இங்கேர்ந்து மைக் தெரியலையேப்பா. தூண் மறைக்குது. இத்தனை வருஷமும் என் குரலை மட்டும் கேட்டுக்கிட்டுதான் உட்கார்ந்திருந்தாளா?"

முன்வரிசை விருந்தினருக்கு என்று சின்னத்தாயியைப் பின்னால் அனுப்பியவரும் அவர்தான்.

படித்தவர்கள் இந்தக் கதையை இன்னும் ஒருவருக்காவது சொல்லுங்கள். அவர் மைக் பிடிக்கிறவராக இருந்தால் கட்டாயம் சொல்லுங்கள்.