நைனா வைத்த பொட்டும் இருநூறு கிலோவும்

டீசல் நாசில் செட் பண்ணுகிறவளுக்குக் கண் மீட்டர் முள்ளிலும் காது நாசிலிலும் இருக்கணும்; என் காதோ பக்கத்து டீக்கடையில் கட்டியிருந்த தூளியில்தான் இருக்கும். கைக்குழந்தையை யாரிடமோ விட்டுவிட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு இது சொல்லாமலே புரியும்.

தொட்டியிலிருந்து மேசைக்கு

எழுபதுகளின் தொடக்கம். கும்மிடிப்பூண்டியிலிருந்து எளாவூர் செக்போஸ்டுக்குப் போகிற ரோட்டோரம் எங்கள் லாரி ரிப்பேர் ஷெட். ஓனரை எல்லாரும் நைனா என்றுதான் கூப்பிடுவோம். நான் மண்ணெண்ணெய்த் தொட்டியில் இன்ஜின் சாமான் கழுவுகிறவளாகச் சேர்ந்தேன். புடவையெல்லாம் நாறும். ஏழு மாசக் குழந்தை அந்த வாசனைக்குப் பால் குடிக்காமல் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அதை யாரிடம் சொல்வது? எனக்கு ஆள் முகம் பார்த்துப் பேசவே வராது.

நைனாவுக்குக் கண் பார்வை மங்கிக்கொண்டு வந்தது. லாரி இன்ஜினுக்குள் டீசலைப் பீய்ச்சுகிற நாசில் இருநூறு கிலோ அழுத்தத்தில் திறக்கணும். அதை மேசை மேல் இருக்கிற பம்பில் மாட்டி, கை லீவரை அமுக்கினால் மீட்டர் முள் ஏறும். இருநூறில் கிர்ரென்று கத்திப் பனி மாதிரி பீய்ச்சினால் நல்ல நாசில். முன்னாலேயே திறந்தால் டீசல் சரியாக எரியாமல் கரும்புகை வரும். முன்னே பின்னே இருந்தால் தலையில் ஸ்பிரிங்கை இறுக்குகிற ஸ்க்ரூவைத் திருப்பிச் சரி பண்ணணும். ஒருநாள் அவர் மீட்டரில் மூக்கை ஒட்டிக்கொண்டு நின்றபோது "நூற்றி எண்பது" என்று என் வாயிலிருந்து வந்துவிட்டது. நான் படித்த அஞ்சாங் கிளாசுக்கு அன்றைக்குத்தான் மரியாதை. லீவரை என் கையில் கொடுத்துவிட்டு நைனா சொன்னார்: "ரோசம்மா, இனிமே உன் கண்ணுதான் என் கண்ணு. தப்பாச்சுன்னா மறுபடி தொட்டி."

மேசை வேலையில் நாற்றம் கையோடு சரி. சோப்புப் போட்டால் போய்விடும். குழந்தை முகத்தைத் திருப்பாமல் குடித்தாள்.

ஆயுத பூஜை

பூஜைக்கு ஸ்பானரிலிருந்து ஜாக்கி வரைக்கும் எல்லாவற்றையும் கழுவினோம். மீட்டரை நைனாவே இறக்கினார். வழுக்கி மேசை முனையில் டக்கென்று இடித்தது. கண்ணாடி உடையவில்லை என்றதும் எல்லாருக்கும் நிம்மதி. அதன் கண்ணாடியில் ஒரு ரூபாய்க் காசு அகலத்துக்குச் சந்தனம் அப்பி, நடுவில் குங்குமம் வைத்தார். கண் மங்கியவர் கைக்கு இடம் தெரியுமா? முள் வந்து உட்காருகிற பூஜ்யத்தின் மேலேயே வைத்துவிட்டார். மேலே ஏறின முள் தெரியும், கீழே இறங்கின முள் தெரியாது.

பூஜைப் பொட்டைத் துடைக்கிற வழக்கம் கிடையாது, தானாக உதிரணும். நானோ சர்ச்சுக்குப் போகிறவள். நான் எப்படித் தொடுவது? தயங்கி நின்றதைப் பார்த்து நைனா சிரித்தார்: "இன்னாம்மா பாக்கறே? உன் சாமி ஒண்ணும் கோச்சுக்க மாட்டாரு, பொரி எடுத்துக்க."

கண்ணையாவின் கரும்புகை

பூஜை முடிந்து நாலாம் நாள் ஒரு லாரி திரும்பி வந்தது. ஆறாம் நாள் ரெண்டு. எல்லாம் நான் செட் பண்ணினவை, எல்லாவற்றிலும் கரும்புகை. அதிலிருந்து ரோட்டில் ஒரு லாரி எங்கள் பக்கம் திரும்பினாலே லீவரை விட்டுவிட்டு எட்டிப் பார்ப்பேன். உட்கார்ந்தால் நிற்கத் தோன்றும், நின்றால் வாசலுக்குப் போகத் தோன்றும்.

எட்டாம் நாள் நெல்லூர் லைன் டிரைவர் கண்ணையா வந்தார். செக்போஸ்டில் வரிசையில் நின்றபோது பின்னால் இருந்தவர்களெல்லாம் இருமித் திட்டினார்களாம். பொம்பளை கைக்கு லீவர் அமுக்க பலம் பத்தாது என்று நைனாவிடம் நியாயம் வேறு சொன்னார். நைனா தலையை ஆட்டினார்; அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. போகும்போது கண்ணையா என்னைப் பார்த்துச் சொன்னார்: "தங்கச்சி, என் வண்டி பின்னால வந்தவன் நெத்தியில மூணு நாமம் தெரியல, மொத்தமும் கரி."

பாதிப் பால்

டீக்கடை அஞ்சலையக்காவிடம்தான் குழந்தையை விட்டிருந்தேன். பால் கொடுக்க உட்கார்வேன், ஹாரன் கேட்கும், பாதியில் எழுந்துவிடுவேன். நம்முடைய லாரியா வேறா என்று பார்த்துவிட்டு வருவதற்குள் குழந்தை வீறிடும். ஒரு மத்தியானத்தில் நாலு தடவை. அஞ்சலையக்கா டீ ஆத்திக்கொண்டே சொன்னாள்: "வாயில வெச்சத புடுங்கிக்கினு ஓடறியே, அந்த லாரிக்காரன் இன்னா உன் புள்ளைய விட பசியோட வரான்?"

சிவப்பு நூல் நாசில்

பத்தாம் நாள் காலையில் நைனா என்னைப் பார்க்காமலே சொன்னார், இன்று சாயங்காலம் வரை பார்க்கலாம், அப்புறம் தொட்டிக்கே போயிடு என்று. நான் தலையாட்டினேன். வேறென்ன செய்வேன்?

அவசரத்துக்கு என்று பூஜைக்கு முன்னாலேயே ஒரு நாசிலை நானே இருநூறில் செட் பண்ணி, சிவப்பு நூல் கட்டி டப்பாவில் போட்டிருந்தேன். என் கைதான் கெட்டுப்போச்சா என்று பார்க்க அதை மாட்டி லீவரை அமுக்கினேன். இருநூற்றி இருபதில் கத்தியது. மறுபடி அமுக்கினேன். அதே இருபது அதிகம். டப்பாவில் கிடந்த நாசிலின் ஸ்பிரிங் தளர்ந்தாலும் தளரும், தானாக இறுகுமா?

லீவரை விட்டேன். முள் இறங்கிப் பொட்டுக்குள் போய் மறைந்தது. அங்கே எங்கே நிற்கிறது என்று பத்து நாளாக யாருக்கும் தெரியாது. முந்தானையைச் சுருட்டி அந்தப் பொட்டைத் துடைத்தேன். முள் பூஜ்யத்தில் இல்லை, இருபதில் உட்கார்ந்திருந்தது. இருநூறு என்று நான் அனுப்பினதெல்லாம் நூற்றி எண்பது.

"இன்னா காரியம் பண்ணிட்டே" என்று நைனா எழுந்து வந்தார். என் வாழ்க்கையில் முதல் தடவையாக ஒரு ஆம்பளை முகத்தைப் பார்த்துப் பேசினேன்: "நைனா, அன்னிக்கு இடிச்சதுல முள்ளு தள்ளிப்போச்சு. என் கை மேல தப்பில்ல."

அவர் மூக்கை ஒட்டிப் பார்த்தார். விரலால் எண்ணிப் பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி, முள்ளைப் பிடுங்கிப் பூஜ்யத்தில் உட்கார வைத்தார். சிவப்பு நூல் நாசில் சரியாக இருநூறில் கத்தியது. கண்ணையா வண்டியைத் திரும்பக் கூப்பிட்டனுப்பச் சொல்லிவிட்டு, என் முந்தானையில் ஒட்டியிருந்த குங்குமத்தைப் பார்த்தபடி நைனா சொன்னார்: "அடுத்த வருசம் மீட்டருக்கு முதுகுல வெச்சுக்கலாம்மா."

பொட்டைத் துடைத்தால் பாவம் வருமோ என்று பயந்து பத்து நாளில் ரோடு பூராவும் நான் விட்ட கரும்புகையை நினைத்தால், அந்தப் பாவமே தேவலாம் போலிருக்கிறது.