மாவு மூட்டைக்குப் பின்னால் ஒரு சிநேகிதி

குமாரபாளையத்தில் எங்கள் வீட்டு விசைத்தறி ஓடினால் பேச்சு காதில் விழாது. நானும் மனைவியும் நெய்துகொண்டிருந்தபோது மகள் வந்து தறியையே நிறுத்திவிட்டாள். கையில் பள்ளி நூலகத்துச் சிறுவர் நாவல். அந்தக் கதையில், ஹிட்லரின் ஆட்கள் யூதர்களைப் பிடித்துக் கொன்ற காலத்தில், ஒரு ரொட்டிக்கடைக்காரர் மகள் தன் யூதத் தோழியை மாவு மூட்டைகளுக்குப் பின்னால் ஒளித்துவைக்கிறாள். தெரிந்தால் குடும்பத்தோடு சாவு.

“என்ற சிநேகிதி அப்படி ஓடி வந்தா ஊட்டுக்குள்ள உடுவீங்களாப்பா?”

“உடாம என்ன சாமி? ஒடனே உடுவேன்.”

“பாம்பு வந்தன்னிக்குக் கட்டில் மேல ஏறுனது யாருங்க?” என்று சிரித்தவள், சிரிப்பை விட்டுவிட்டு அம்மாவைப் பார்த்தாள். அவளுக்கு உண்மையான பதில் வேண்டியிருந்தது.

மனைவி அறுந்த இழையை முடிந்துவிட்டு மகள் பக்கம் திரும்பினாள். “எனக்குக் கை காலெல்லாம் நடுங்கும் சாமி. ஆனா அந்தப் புள்ளைய உள்ள உட்டுக் கதவச் சாத்திப்போட்டுத்தான் நடுங்குவேன்.”

எத்தனையோ பேர் சொன்ன சொல்லை மனதில் சேர்த்து வைத்திருக்கிறேன். இப்படி ஒன்று என் வீட்டிலேயே கிடைக்கும் என்று நினைக்கவில்லை.

“அப்பச் சரிங்கம்மா” என்று மகள் அவள் காலடியில் உட்கார்ந்து, அடுத்த பக்கத்தைச் சத்தமாகப் படிக்கத் தொடங்கினாள்.