பன்னிரண்டு மணி என்று நான் எழுதியது

எங்கள் தீவுகளின் தலைநகரில், அபர்டீன் பஜாரில் ஆறு அறைகள் உள்ள ஒரு லாட்ஜின் இணையப் பக்கத்தை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். லாட்ஜ் ஒரு பாயுடையது. அங்கே சுற்றுலாக்காரர்கள் குறைவு. மற்ற தீவுகளிலிருந்து ஆஸ்பத்திரிக்கும் ஆபீஸுக்கும் கப்பலில் வருகிறவர்கள்தான் அதிகம். முன்பு ஃபீனிக்ஸ் பே ஜெட்டியில் இறங்கி, ஆட்டோக்காரரிடம் கேட்டு வந்து சேர்வார்கள். இப்போது கப்பலில் சிக்னல் கிடைத்ததுமே ஃபோனில் தேடுகிறார்கள். பெரிய ஹோட்டல்கள்தான் முதலில் வருகின்றன.

"ஃபோன்ல நாம இல்லேன்னா ஜெட்டியில இறங்குற ஜனம் நம்மள மறந்துடும் தம்பி," என்றார் பாய். அவருடைய பயமெல்லாம் அதுதான்.

கண்ணுக்குத் தெரிகிற எழுத்து தவிர, தேடுபொறி படிப்பதற்கென்றே பக்கத்தின் பின்னால் ஒரு குறிப்பு வைப்போம். இது லாட்ஜ், முகவரி இது, ஃபோன் இது என்று கட்டம் கட்டமாக. அதைச் சோதிக்க ஒரு கருவி உண்டு. தப்பு என்றால் சிவப்பு காட்டும். இருந்தால் நல்லது, இல்லாவிட்டாலும் ஓடும் என்றால் மஞ்சள். எனக்கு ஒரு சிவப்பும் ஏழு மஞ்சளும் வந்தன. சிவப்பு, முகவரியில் ஊர்ப் பெயர் விடுபட்டதால். ஊரின் பெயரை அரசாங்கம் மாற்றியிருந்ததால், பழைய பெயரா புதுப் பெயரா என்று கொஞ்சம் யோசித்துப் புதியதை எழுதினேன். சிவப்பு போய்விட்டது.

அதோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். நாங்கள் குடியிருக்கும் பத்துபஸ்தியில், எங்கள் வரிசை வீடுகளில் யாருக்கு எந்த ஃபாரம் வந்தாலும் எட்டாம் வகுப்பிலிருந்து என் கைக்குத்தான் வரும். ஒரு கட்டம் காலியாக இருந்தாலும் கவுண்டரில் "அதூரா ஹை", முழுசா இல்லை, என்று திருப்பித் தள்ளிவிடுவார்கள். அப்பா இன்னொரு நாள் வேலையை விட்டுவிட்டுப் போய் நிற்க வேண்டும். காலிக் கட்டத்தைப் பார்த்தால் இன்றும் எனக்கு இருப்புக் கொள்ளாது.

ஆறு மஞ்சளைப் பாயிடம் கேட்டே நிரப்பினேன். ஏழாவது, தங்க வருகிறவர்கள் உள்ளே வரும் நேரம். அதற்குள் பாய் தொழுகைக்குப் போய்விட்டார். கருவி காட்டிய மாதிரியில் பன்னிரண்டு மணி என்று இருந்தது. அதையே எழுதினேன். எல்லாம் பச்சையானது. பாய் வந்து பார்த்து, "பரீட்சையில பாஸா?" என்று சிரித்தார்.

இரண்டு வாரம் கழித்து, அறைகளின் படங்களை மாற்ற லாட்ஜுக்குப் போயிருந்தேன். கச்சால் தீவிலிருந்து வழக்கமாக வரும் ஒரு அம்மா, கண்ணில் கட்டுப் போட்ட கணவரைக் கைப்பிடித்துக்கொண்டு படியேறி வந்தார்.

"உள்ள வரலாமா பாய்? மணி பன்னண்டு ஆயிருச்சு."

"கப்பல் எப்பம்மா வந்துச்சு?"

"விடிய அஞ்சுக்கு."

"இவ்வளவு நேரம் எங்க இருந்தீங்க?"

"ஜெட்டி ஷெட்லதான். ஒங்க லாட்ஜு பெரிய ஸ்டார் ஹோட்டலா ஆயிருச்சே! பன்னண்டுக்கு முன்னால கதவு பந்த்னு ஃபோன்ல போட்டிருக்கு. கோட்டு சூட்டோட நிப்பீங்கன்னு வந்தா, அதே பழைய கைலி!"

கணவரும் சிரித்தார். பிறகு அந்த அம்மா குரலைத் தணித்தார். "இவர அங்க தனியா விட்டுட்டு ஆஸ்பத்திரி வரிசைக்குப் போக முடியல பாய். சீட்டு முடிஞ்சிருச்சாம். கண்ணு டாக்டர் இனிமே வெள்ளிக்கிழமதான்."

கப்பல் எந்நேரம் வந்தாலும் கதவைத் திறப்பதுதான் அந்த லாட்ஜின் வழக்கம். அறை காலியில்லை என்றாலும் ஹாலில் உட்காரவைத்து டீ கொடுப்பார்கள்.

"பன்னண்டுன்னு யாரு போட்டது?" பாய் என்னைப் பார்த்தார். "கம்ப்யூட்டரே போட்டுக்கிச்சா?"

ஆமாம் என்றால் நம்பியிருப்பார். "நான்தான் பாய். கட்டம் காலியா இருந்துச்சு," என்றேன்.

பாய் சாவியை எடுத்துக்கொண்டு அவர்களுடன் போனார்.

அந்தக் கட்டத்தில் மணியைத் தவிர வேறெதையும் எழுத முடியாது. 'கப்பல் வரும்போது' என்று எழுதிப் பார்த்தேன், சிவப்பு வந்தது. கட்டத்தையே எடுத்தேன். மஞ்சள் திரும்பி வந்தது.

"இந்த ஒரு மஞ்சளுக்காக நம்மள ஃபோன்லேர்ந்து எடுத்துருவானா?" என்று திரும்பி வந்த பாய் கேட்டார்.

"மாட்டாங்க பாய்."

"அப்பக் கெடக்கட்டும்."

பக்கத்தின் மேலே, எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதினேன்: 'கப்பல் எந்நேரம் வந்தாலும் கதவைத் தட்டுங்கள்.' கீழே அதையே ஹிந்தியில்.

வெள்ளிக்கிழமை விடிந்ததும், அந்த அம்மாவின் கணவருக்குச் சீட்டு வாங்க நானே ஆஸ்பத்திரி வரிசையில் போய் நின்றேன். கவுண்டரில் சின்னத் தாள் ஒன்று கொடுத்தார்கள். பெயர், தீவு, வயது. அவருடைய வயது எனக்குத் தெரியாது. பின்னால் நின்றவர் "ஜல்தி கரோ" என்று அவசரப்படுத்தினார். குத்துமதிப்பாக அறுபது என்று எழுதப் பேனா போனது. நிறுத்தி, அந்த அம்மாவுக்கு ஃபோன் போட்டேன்.

"அறுவத்தி நாலு தம்பி. ஆனா பாத்தா தெரியாதுல்ல?"

"தெரியாதும்மா," என்று சொல்லிக்கொண்டே எழுதினேன்.