மணிக்குக் காவலிருந்த வாத்து

மொன்றியலின் செயின்ட்-மிஷேல் பகுதியில், அஞ்சலீனா வேலைசெய்த கார்டெரி என்கிற பிள்ளைகள் காப்பகத்தில், மத்தியான நித்திரைக்கு முன் பிள்ளைகள் ஒரு வாத்துக் கதை கேட்பார்கள். அவர் அங்கே சமையல்காரி. கதை சொல்வது அவருடைய வேலையல்ல. ஆனால் அந்தக் கதை இல்லாமல் ஹெயிட்டிப் பிள்ளைகளும் கண்மூடுவதில்லை, எங்கள் பிள்ளைகளும் கண்மூடுவதில்லை. ஆகவே ஏப்ரனைக்கூடக் கழற்றாமல் வந்து தனக்குத் தெரிந்த பிரெஞ்சில் சொல்லிவிட்டுப் போவார்.

கதை நடந்த ஊர் ஜெர்மனியில் எர்லன்வைலர் என்ற சின்னக் கிராமம். மன்னாரில் பேசாலையிலிருந்து தப்பிப்போன அஞ்சலீனாவையும் கணவர் கிறகரியையும் எண்பத்தாறில் ஜெர்மன் அரசாங்கம் அங்கேதான் கொண்டுபோய் விட்டது. பழைய விடுதி ஒன்றின் மேல்மாடியில் நான்கு வருடம் இருந்தார்கள். மகள் லக்சனா பிறந்ததும் அங்கே. கனடாவுக்கு வந்தது அதற்குப் பிறகுதான். பெரிய ஊரில்லை. வெங்காயம் கவிழ்த்ததுபோலக் கூரை வைத்த தேவாலயக் கோபுரம், அதன் வாசலில் குடைபோல ஒரு லிண்டன் மரம், கல்தொட்டியில் விழும் ஊற்று, ஊர் முடியுமிடத்தில் தண்ணீரால் சுழலும் மாவாலை, அதன் பின்னால் ஒரு குளம். அவ்வளவுதான்.

அந்தக் குளத்தில்தான் கதை. உலகப்போர்க் காலத்தில் கோயில் மணிகளை உருக்குவதற்குப் பறித்துக்கொண்டு போனார்கள். எர்லன்வைலரில் இரண்டு பேர் தங்கள் மணியைக் கழற்றிக் குளத்தில் தாழ்த்திவிட்டார்கள். பிறகு இருவருமே போரில் இறந்துபோனார்கள். மணி கிடக்கும் இடம் ஒரு வெள்ளை வாத்துக்கு மட்டும் தெரியும். அது ஒவ்வொரு நாளும் மணிக்கு நேர் மேலே வந்து அசையாமல் மிதக்கும். கடைசியில் ஊரார் அந்த இடத்தில் கயிறு போட்டு இழுத்தார்கள். மணி வந்தது.

மாவாலைக் கிழவர் குளக்கரை வாங்கில் இருந்து கைகளை அகல விரித்து இதை அவருக்குச் சொன்னாராம். எங்கள் பங்குப் பிள்ளைகள் நத்தார் ஒளிவிழாவில் இதை நாடகமாகவும் போட்டார்கள். வாத்தாக நடித்தவனுக்குத்தான் கைதட்டல் அதிகம்.

இரண்டாயிரத்து ஏழு கோடையில் இர்ம்கார்ட் தொலைபேசி எடுத்தார். எர்லன்வைலரில் விடுதிக்கு எதிர்வீட்டுக்காரி. ஊர்ப் பாடகர் குழு கியூபெக்கில் பாட வருகிறது, ஒருநாள் மொன்றியலில் நிற்கும், அஞ்சலீனாவைப் பார்க்காமல் போகமாட்டோம் என்றார்.

“ஒரு பஸ் சனமாம்,” என்றார் அஞ்சலீனா, தொலைபேசியை வைத்துவிட்டு.

கிறகரி தங்கள் மூன்றாம் மாடி வீட்டைச் சுற்றிப் பார்த்தார். “அவ்வளவு பேரையும் எங்கை இருத்துறது?”

“பின் ஒழுங்கையிலை. கீழ்வீட்டு மிசியே ஒனோரேயிட்டைக் கேளுங்கோ. மேசை தருவார்.”

ஹெயிட்டிக்காரரான ஒனோரே மேசை மட்டுமல்ல, தன் பங்குக்குப் பொரித்த வாழைக்காயும் கொண்டுவந்தார். அஞ்சலீனா இடியப்பம் அவித்து, உறைப்பைப் பாதியாகக் குறைத்து மீன்குழம்பு வைத்தார். ஜெர்மன்காரர் பஸ்ஸால் இறங்கினார்கள். கட்டிப்பிடித்தல், அழுகை, சிரிப்பு. பிறகு சாப்பாடு. இடியப்பத்தை முள்ளுக்கரண்டியால் சுற்றப் பார்த்துத் தோற்று, எல்லாரும் கையாலேயே சாப்பிட்டார்கள்.

எல்லாம் நன்றாகத்தான் போனது. லக்சனா, பத்தொன்பது வயதுக்காரி, ஆங்கிலத்தில் கேட்டாள்: “உங்கள் வாத்துக்குச் சிலை வைத்திருக்கிறீர்களா?”

“எந்த வாத்து?” என்றார் இர்ம்கார்ட்.

அஞ்சலீனா தனக்கு மிச்சமிருந்த ஜெர்மனில் கதையைச் சொன்னார். மாவாலைக் கிழவரின் மகன் ஹெல்முட் கரண்டியைக் கீழே வைத்தார்.

“போரில் செத்தார்கள் என்றாயே, அதில் ஒருவர் என் அப்பா. மணியைத் தாழ்த்தியவரே அவர்தான். நீ கதை கேட்டதே அவரிடம்தான்! எங்கள் வீட்டில் வாத்தே வளர்க்கவில்லை, பன்றிதான் வளர்த்தோம்.”

பிறகு அவரே கண்டுபிடித்தார். ஜெர்மனில் ‘கன்ஸ்’ என்றால் வாத்து. அதே ஒலியில் இன்னொரு சொல் உண்டு, அதற்கு முழுசு என்று பொருள். மணி உடையாமல் முழுசாக வந்தது, கன்ஸ், கன்ஸ் என்று கிழவர் கையை விரித்திருக்கிறார். ஊருக்கு வந்து ஆறு மாதமேயான அஞ்சலீனாவுக்கு, சந்தையில் படித்த வாத்துத்தான் தெரியும். மிச்சத்தை அவருடைய மனம் கட்டிக்கொண்டது.

ஒருவர் சிரிக்கத் தொடங்க, ஒழுங்கை முழுக்கச் சிரிப்பு. அஞ்சலீனா எழும்பி மேலே போய்விட்டார். லக்சனா பின்னால் ஓடினாள்.

“ஃபாதருக்கு முன்னாலை நாடகமே போட்டாச்சு,” என்றார் அஞ்சலீனா, முகத்தைச் சீலைத்தலைப்பில் துடைத்தபடி. “கார்டெரிப் பிள்ளையளுக்கு இனி என்னத்தைச் சொல்லுறது? உயிரோடை இருந்த மனுசனைச் சாக்காட்டிப்போட்டன்.”

“அம்மா, அவையள் நக்கலடிக்கேல்லை. வந்து பாருங்கோ, அந்தாள் அழுகுது.”

உண்மைதான். ஹெல்முட் வளைந்த வெளிப்படியில் மூச்சு வாங்க ஏறிக்கொண்டிருந்தார், இர்ம்கார்ட் பின்னால்.

“எங்கள் ஊரில் மணியைப் போட்டார்கள், எடுத்தார்கள். அது இரண்டு வரி,” என்றார் இர்ம்கார்ட். “உன்னிடம் இருப்பதுதான் கதை.”

“அப்பா இருந்திருந்தால் அந்த வாத்து தன்னுடையது என்று சத்தியமே செய்திருப்பார்,” என்றார் ஹெல்முட் கண்ணைத் துடைத்துக்கொண்டு. “கீழே வா. முதலிலிருந்து சொல். ஆறுதலாகச் சொல்.”

அஞ்சலீனா இறங்கி வந்து சொன்னார். வாத்து மிதக்கும் இடத்தில் அவர் கழுத்தை நீட்டி அசையாமல் நின்றபோது ஒருவரும் மூச்சு விடவில்லை. பிறகு பாடகர் குழு எழுந்து நின்று நான்கு குரலில் பாடியது. பக்கத்து வீட்டுப் பல்கனிகளில் சனம் கூடிவிட்டது. “இப்போது உங்கள் முறை,” என்று இர்ம்கார்ட் கிறகரியைப் பார்த்தார். மேடை என்றாலே ஒளிக்கிற மனுசன், என்ன நினைத்தாரோ, தொண்டையைச் செருமிக்கொண்டு மன்னார்க் கூத்துப் பாட்டு ஒன்றை எடுத்தார். ஒனோரே பிளாஸ்ரிக் வாளியைக் கவிழ்த்து அதற்குத் தாளம் போட்டார். பஸ் சாரதி மூன்றாம் முறை ஹோர்ன் அடித்த பிறகுதான் அவர்கள் ஏறினார்கள்.

அடுத்த வருட மாவாலைத் திருவிழாவில் எர்லன்வைலர்ப் பள்ளிப் பிள்ளைகள் அந்தக் கதையை நடித்தார்கள். பிள்ளைகள் வெள்ளைக் கடதாசிச் சிறகோடு லிண்டன் மரத்தடியில் நிற்கும் படம் வந்தது. இர்ம்கார்ட் அதில் ஒவ்வொருவரின் பெயரும் எழுதியிருந்தார்.

லக்சனா அந்தப் படத்தை நெடுநேரம் பார்த்தாள். அதுவரை ஜெர்மனி பற்றி அவள் ஒன்றும் கேட்டதில்லை.

“அப்பா, நான் பிறந்த ஆசுப்பத்திரி உந்த ஊரிலையோ?”

“இல்லை, பக்கத்து ரவுணிலை. அண்டைக்குச் சரியான சினோ, றோட்டெல்லாம் பனி மூடிக் கிடந்தது. உந்த ஹெல்முட்தான் தன்ரை டிராக்டரிலை கொம்மாவைக் கொண்டுபோனவர்.”

“டிராக்டரிலையோ!” லக்சனா கத்தினாள். “ஏன் எனக்கு ஒருநாளும் சொல்லேல்லை?”

“நீ கேக்கேல்லையே,” என்றார் அஞ்சலீனா குசினிக்குள்ளிருந்து.

எர்லன்வைலருக்குப் போக மூவருக்கும் ஓகஸ்டில் ரிக்கற் போட்டார்கள். கிறகரி அன்றிலிருந்து குளியலறையில் கூத்துப் பாட்டுப் பழகத் தொடங்கினார். கீழே இருந்து ஒனோரே சுவரில் தட்டித் தாளம் கொடுத்தார்.