எங்கள் தொகுதி உறுப்பினர் ‘ஆம்’ என்ற நாள்

ஜெர்மன் குடியுரிமை கிடைத்த பிறகு வந்த முதல் மாநிலத் தேர்தலில் நான் அவருக்குத்தான் வாக்களித்தேன். ஹம் நகரில் எங்கள் தொகுதிக்கு அவர்தான் மாநிலப் பாராளுமன்ற உறுப்பினர். கட்சியைப் பார்த்து நான் புள்ளடி போடவில்லை, ஆளைப் பார்த்துத்தான் போட்டேன். கோடையில் எங்கள் அம்மன் கோயில் தேர் இழுக்கிற நாளில் தவறாமல் வருவார். நல்ல உயரமான மனிதர். போர்த்திவிடுகிற பொன்னாடை அவருடைய பாதி முதுகுக்குக்கூடக் காணாது. ஒலிவாங்கியைப் பிடித்து, பாடமாக்கி வந்த “வணக்கம்” ஒன்றைச் சொல்லிவிட்டு, ஜெர்மன் மொழியில் தொடருவார். “நீங்கள் எங்கள் விருந்தாளிகள் அல்ல, எங்கள் அயலவர்கள்” என்று முடிப்பார். வெயிலில் நிற்கிற எல்லோரும் கைதட்டுவோம். மற்றவர்களைவிட நான் கொஞ்சம் பலமாகவே தட்டியிருப்பேன்.

அப்போது நான் ஒரு முதியோர் இல்லத்தின் சமையலறையில் வேலை செய்துகொண்டிருந்தேன். அதே இல்லத்தின் மேல்மாடியில் பராமரிப்பு உதவியாளராக வேலை செய்தவர் அக்கா. கூடப்பிறந்தவர் இல்லை, எங்கள் அடுக்குமாடியில் எதிர்வீட்டுக்காரர். அவரும் யாழ்ப்பாணம்தான். நான் முந்தி வந்தபடியால் என்னுடைய விசா அலுவல் ஒருமாதிரி ஒப்பேறிவிட்டது. அக்காவும் கணவரும் மகளும் பிந்தி வந்தவர்கள். அவர்களுடைய அகதி மனுவை நிராகரித்துவிட்டார்கள். கையில் இருந்தது டுல்டுங் மட்டும்தான். நாட்டைவிட்டு அனுப்பவேண்டியவர்களை இப்போதைக்குப் பொறுத்துக்கொள்கிறோம் என்று அரசாங்கம் கொடுக்கிற தாள் அது. சில மாதங்களுக்கு ஒருமுறை அலுவலகத்துக்குப் போய்ப் புதுப்பிக்க வேண்டும். அப்படியே பல வருடங்கள் போய்விட்டன. அந்த வீட்டில் பாரமான தளபாடம் ஒன்றும் இருக்கவில்லை. பெரிய அலுமாரி ஒன்று வாங்கலாமே என்று நான் ஒருமுறை கேட்டதற்கு அக்கா சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றினார்.

இலங்கையில் யுத்தநிறுத்தம் வந்தது. நாங்கள் எல்லோரும் சந்தோஷப்பட்டோம். ஆனால் அந்தச் சந்தோஷம் அக்காவின் வீட்டுக்கு வேறு மாதிரி வந்து சேர்ந்தது. ஒருநாள் மத்தியானம், நான் கிழங்குப் பாத்திரங்களைக் கழுவிக்கொண்டிருந்தபோது, அவர் சமையலறைக் கதவடியில் வந்து நின்றார். வேலை உடுப்போடு இருந்தார். முகம் வெளிறிப்போயிருந்தது.

“என்னக்கா?”

“விசா ஒபிஸ் டெர்மினுக்குப் போட்டு வாறன். இந்தமுறை ஒரு மாதம்தான் நீட்டித் தந்திருக்கினம். அங்கை இப்ப சமாதானமாம், இனித் திரும்பிப் போகலாமாம். எங்களை அனுப்ப இலங்கைத் தூதரகத்திட்டைப் பாஸ்போட் கேட்டு எழுதிப்போட்டினமாம்.”

“எங்கை போறது?”

“அதைத்தான் நானும் கேட்டனான். எங்கடை வீடு இருந்த இடத்திலை ஆமிக் காம்ப் நிக்குது. அதைச் சொன்னால், வேறை ஊர் இருக்குத்தானே எண்டு கேக்கினம்.”

“பயப்பிடாதையுங்கோ அக்கா. நான் எங்கடை உறுப்பினரிட்டைப் போறன்” என்றேன். ‘எங்கடை’ என்ற சொல்லை அன்றைக்கு அவ்வளவு உரிமையோடு சொன்னது ஞாபகம் இருக்கிறது.

தொகுதி மக்களைச் சந்திப்பதற்கென்று அவர் மாதத்தில் ஒரு பிற்பகலை ஒதுக்கியிருந்தார். போனேன். எழுந்து கைகொடுத்தார். தன் கையாலேயே கோப்பி ஊற்றித் தந்தார். அக்காவின் கதையை இடைமறிக்காமல் கேட்டார். மகள் பள்ளிக்கூடத்தில் கெட்டிக்காரி என்றபோது தலையசைத்தார். கடைசியில், “இப்படிப்பட்ட குடும்பங்களுக்காக நான் எப்போதும் பேசிவருகிறேன். ஆனால் முடிவு அதிகாரிகளின் கையில் இருக்கிறது. சட்டம் அப்படி” என்றார். நான் நன்றி சொல்லிவிட்டு மிதக்கிற மாதிரி வீட்டுக்கு வந்தேன்.

என் கணவருக்கு அந்த மிதப்பு பிடிபடவில்லை. அவர் ஜெர்மன் பத்திரிகையை ஒரு வரி விடாமல் வாசிக்கிறவர்.

“அப்ப அந்தாள் பாராளுமன்றத்திலை என்னத்துக்கு வாக்குப் போடுது?” என்று கேட்டார்.

“எனக்கென்ன தெரியும்?”

“கேட்டால் சொல்லுவினம். ஒளிக்கிற விஷயமே அது?”

உண்மையில் அது ஒளித்துவைக்கிற விஷயமே இல்லை. டுசல்டோர்ஃபில் உள்ள மாநிலப் பாராளுமன்றத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். ஒரு பெண் மிகவும் மரியாதையாகப் பேசி, அவை விவாதங்களின் அச்சுப் பிரதிகளை வீட்டுக்கே அனுப்பிவைத்தார். அதை வாங்கிப் பார்ப்பதற்கு எனக்கு இத்தனை வருடம் தோன்றாமல் போனதுதான் அதிசயம்.

அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு வாசித்தேன். நெடுங்காலம் இங்கே வாழ்கிற குடும்பங்களை நாடுகடத்துவதை நிறுத்திவைக்க வேண்டும் என்று ஒரு பிரேரணை வந்திருந்தது. அவர் ‘இல்லை’ என்று வாக்களித்திருந்தார். நாடுகடத்தப்பட இருப்பவர்களை அடைத்துவைக்கிற தடுப்பு இல்லத்தைப் பெரிதாக்க இன்னொன்று. அதற்கு ‘ஆம்’. பிள்ளைகள் படிப்பை முடிக்கும்வரை பெற்றோரை விட்டுவைக்கலாமா என்று மற்றொன்று. அதற்கும் ‘இல்லை’. அந்த விவாதத்தில் அவர் பேசியும் இருந்தார். “போகவேண்டியவர்கள் போகத்தான் வேண்டும். நாங்கள் பொறுத்துக்கொண்டதை அவர்கள் உரிமை என்று எடுத்துக்கொள்ளக்கூடாது” என்று இருந்தது. கீழே, அவருடைய கட்சிக்காரர் கைதட்டினார்கள் என்று அடைப்புக்குறிக்குள் குறித்திருந்தார்கள்.

ஆத்திரம் வரும் என்று பார்த்தேன். முதலில் வெட்கம்தான் வந்தது, எனக்காக அல்ல, அவருக்காக. ஆத்திரம் அடுத்தநாள் காலை பஸ்ஸில் வந்தது. இறங்கும்போது, இவரை எல்லோருக்கும் முன்னால் கேட்பது என்று தீர்மானித்துவிட்டேன்.

அதற்கு வாய்ப்பும் தானாக அமைந்தது. நத்தார் பண்டிகைக்கு முந்திய வாரங்களில் அவர் எங்கள் முதியோர் இல்லத்துக்கு வருவது வழக்கம். மெழுகுதிரி கொளுத்தி, கேக் வெட்டி, முதியவர்களோடு இருந்து கோப்பி குடிப்பார். உள்ளூர்ப் பத்திரிகையிலிருந்து ஒருவர் கமராவோடு வருவார். அன்றைக்குக் கோப்பி பரிமாறுவது என் முறை. இல்லத்தின் மேலாளரிடம் முன்கூட்டியே சொன்னேன், அவரிடம் ஒரு கேள்வி கேட்கப்போகிறேன் என்று. “கேள்வி கேட்பதைத் தடுக்க எனக்கு அதிகாரம் இல்லை. கேக் முடிந்தபிறகு கேள்” என்றார்.

அக்காவிடம் சொல்லவில்லை. சொன்னால் மறித்திருப்பார்.

கேக் முடிந்தது. உறுப்பினர் எழுந்து, பராமரிப்புத் தொழிலாளர்களின் உழைப்பைப் பாராட்டிப் பேசினார். அவர்கள் இல்லாவிட்டால் இந்த நாடு நின்றுவிடும் என்றார். எல்லோரும் தட்டினார்கள். நான் கோப்பிச் சாடியை மேசையில் வைத்தேன்.

“நான் உங்களுக்கு வாக்களித்தவள். ஒரு கேள்வி கேட்கலாமா?”

“தாராளமாக” என்றார்.

“சன்னலருகே நிற்கிற இவரைப் பற்றித்தான் உங்கள் அலுவலகத்தில் வந்து சொன்னேன். இன்னும் சில வாரங்களில் இவரைக் குடும்பத்தோடு அனுப்பப்போகிறார்கள். நீங்கள் எப்போதும் இவர்களுக்காகப் பேசுவதாக என்னிடம் சொன்னீர்கள். அவையில் நீங்கள் பேசியதை வாசித்தேன், வாக்களித்ததையும் பார்த்தேன்.” ஒவ்வொரு வாக்கையும் சொன்னேன். பிறகு, “அங்கே சொன்னதை இங்கே இவருடைய முகத்தைப் பார்த்துச் சொல்வீர்களா? அவர் உங்களிடமிருந்தே கேட்கட்டும்” என்றேன்.

அக்கா சன்னலருகே சக்கர நாற்காலி ஒன்றின் பின்னால் நின்றார். தலை குனிந்திருந்தது. “ஐயோ, விடும்” என்று எனக்கு மட்டும் கேட்கிற மாதிரித் தமிழில் சொன்னார்.

உறுப்பினர் முதலில் அரசியல்வாதியாகத்தான் பதில் சொன்னார். இது சிக்கலான விஷயம், கட்சியின் நிலைப்பாடு என்று ஒன்று இருக்கிறது, தனிப்பட்ட சம்பவங்கள் வேறு, பொதுச் சட்டம் வேறு என்று நீட்டிக்கொண்டு போனார். அப்போது சக்கர நாற்காலியில் இருந்த அம்மா வாய் திறந்தார். இரண்டாம் உலக யுத்த முடிவில் ஜெர்மனியின் கிழக்குப் பகுதியிலிருந்து ஓடிவந்த குடும்பம் அவருடையது. காது மந்தம், அதனால் அவர் எதைச் சொன்னாலும் மண்டபம் முழுக்கக் கேட்கும்.

“இவளை அனுப்பிவிட்டால் திங்கட்கிழமை காலையில் என்னைக் குளிப்பாட்டுவது யார்? நீங்களா வருவீர்கள்?”

சிரிப்பு எழுந்தது. உறுப்பினரும் சிரித்தார். அந்த அம்மா மட்டும் சிரிக்கவில்லை. பதிலுக்காக அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கொஞ்சம் கொஞ்சமாகச் சிரிப்பு அடங்கியது. பத்திரிகைக்காரர் பேனையை எடுத்தார்.

உறுப்பினர் அக்காவைப் பார்த்தார். அப்போதுதான் அவரை முதன்முதலாகப் பார்க்கிறார் என்று எனக்குப் பட்டது. கையிலிருந்த கோப்பையை மேசையில் வைத்தார்.

“இல்லை. இவரிடம் என்னால் அதைச் சொல்ல முடியாது” என்றார்.

மறுநாள் பத்திரிகையில் அதுதான் தலைப்பு. சமையலறைச் சுவரில் யாரோ அதை ஒட்டிவைத்திருந்தார்கள்.

அந்த வாரக் கடைசியில் அவர் அக்காவின் வீட்டுக்கே வந்தார். செயலாளரும் கமராவும் இல்லாமல், தனியாக, மூன்று மாடி ஏறி மூச்சுவாங்கியபடி வந்து நின்றார். அக்கா தேத்தண்ணியும் வடையும் வைத்தார். கணவர் எந்தத் தொழிற்சாலையில் வேலை செய்தார், வேலை அனுமதி ஏன் போனது, மகள் என்ன படிக்க விரும்புகிறாள் என்று உறுப்பினர் ஒவ்வொன்றாகக் கேட்டார். அக்காவின் கணவருக்காக நான் இடையில் இருந்து மொழிபெயர்த்தேன். போகும்போது என்னிடம் சொன்னார்: “தேர்த்திருவிழாவில் பேசியதை நான் நம்பித்தான் பேசினேன். அவையில் பேசியதையும் நம்பித்தான் பேசினேன். இரண்டும் ஒரே ஆட்களைப் பற்றியது என்று எனக்குத் தோன்றவே இல்லை.”

சாட்டுச் சொல்லுகிறாரா என்று அவருடைய முகத்தைப் பார்த்தேன். அப்படித் தெரியவில்லை.

பாராளுமன்றத்தின் மனுக்குழுவுக்கு ஒரு விண்ணப்பம் போடும்படி அவரே வழி சொன்னார். குழு முடிவு சொல்லும்வரை அக்கா குடும்பத்தை அனுப்பமாட்டோம் என்று அதிகாரிகளும் ஒத்துக்கொண்டார்கள். இல்லத்தின் மேலாளர் அக்காவுக்காக எழுதினார். பள்ளிக்கூட ஆசிரியை எழுதினார். காது மந்தமான அம்மா தான் சொல்லச் சொல்ல என்னை எழுதவைத்துக் கையெழுத்துப் போட்டார். பனி கரைகிற காலத்தில், குடும்பம் இங்கேயே இருக்கலாம் என்று குழு பரிந்துரைத்தது. வதிவிட அனுமதி கைக்கு வந்த அன்று, அக்கா அதை என் சமையலறைக்குக் கொண்டுவந்து காட்டினார். நான் வெங்காயம் வெட்டிக்கொண்டிருந்தபடியால் அழுததற்கு ஒரு சாட்டு இருந்தது. அவருக்கு அதுவும் இல்லை.

அதே இளவேனிலில் நெடுநாள் வாழ்கிற குடும்பங்கள் பற்றிய பிரேரணை மறுபடியும் அவைக்கு வந்தது. உறுப்பினரின் அலுவலகத்திலிருந்து தொலைபேசி வந்தது. விரும்பினால் பார்வையாளர் மாடத்தில் இருந்து பார்க்கலாமாம். அக்காவும் நானும் லீவு எடுத்துக்கொண்டு டுசல்டோர்ஃபுக்கு ரயில் ஏறினோம். அக்கா பச்சைப் பட்டுச் சேலை கட்டி, அதற்குமேல் குளிருக்குத் தடித்த கோட் போட்டிருந்தார்.

பெயர் கூப்பிட்டு வாக்கெடுத்தார்கள். கூப்பிடக் கூப்பிட ஒவ்வொருவரும் இருந்த இடத்திலிருந்தே பதில் சொன்னார்கள். எங்கள் உறுப்பினருடைய கட்சி வரிசையிலிருந்து ‘இல்லை’, ‘இல்லை’ என்று ஒரே தாளத்தில் வந்துகொண்டிருந்தது. அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். எங்கள் உறுப்பினருடைய பெயர் வந்தது.

“ஆம்.”

வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். யாரோ முணுமுணுத்தார்கள். அவர் நேரே பார்த்தபடி இருந்தார். கழுத்து மட்டும் சிவந்திருந்தது. மாடத்தில் கைதட்டக்கூடாது என்று வாசலிலேயே எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள். கையைப் பொத்தி மடியில் வைத்துக்கொண்டு இருந்தோம். அக்கா மட்டும், “சொல்லிப்போட்டார்” என்றார் மெதுவாக.

பிரேரணை அன்று தோற்றது. அடுத்த தேர்தலுக்கு அவருடைய கட்சி அவரைத் தன் வேட்பாளர் பட்டியலில் கீழே தள்ளியது. ஆனால் பட்டியலை நம்பாமல், தொகுதியில் நேரடியாக நின்று வென்றார். எங்கள் மாடிவீடுகளில் குடியுரிமை எடுத்த ஒருவரும் அன்று வீட்டில் இருக்கவில்லை. வாக்குச்சாவடியில் வரிசை நீண்டு, பள்ளிக்கூட வாசலுக்கு வெளியே வந்திருந்தது. இந்த முறை அவருடைய பெயருக்கு நேரே புள்ளடி போட்டபோது, என்னத்துக்காகப் போடுகிறேன் என்று எனக்கு நன்றாகத் தெரிந்திருந்தது.

அந்தத் தேர்தலுக்கு முன்பே, வதிவிட அனுமதி கிடைத்த ஆண்டுக் கோடையில், என் கணவர் எல்லோரையும் காரில் ஏற்றிக்கொண்டு ஹொலண்டுக்குப் போனார். டுல்டுங் வைத்திருந்தவரைக்கும் அக்காவுக்கு மாநிலத்தைவிட்டு வெளியே போக அனுமதி இருக்கவில்லை. எல்லையில் ஒரு நீலப் பலகை மட்டும்தான் நின்றது. மறிக்கக்கூட ஆள் இல்லை. அக்கா திரும்பித் திரும்பிப் பார்த்தார்.

“இவ்வளவுதானோ?”

“ஓம் அக்கா, இவ்வளவுதான்.”

எல்லைக்கு அப்பால் இருந்த சின்ன நகரத்தில், ஆற்றங்கரைக் கடையொன்றில் பொரித்த கிழங்கு வாங்கினோம். மகளுடைய கைத்தொலைபேசியை வாங்கி, அக்கா பாரிஸில் இருக்கிற தங்கைக்கு அழைப்பெடுத்தார். இரண்டு பேரும் ஒருவரையொருவர் நேரில் கண்டு பல வருடங்கள்.

“நான் ஹொலண்டிலை நிக்கிறன்” என்றார். அந்தப் பக்கத்தில் தங்கை நம்பவில்லை போலும். “உண்மையாத்தானடி. அடுத்த மாதம் உன்ரை வீட்டுக்கு வாறன். கீரைக்கறி வைச்சுவை.”